மழவரையர் எறிந்த கற்கள்

படைத்தலைவராக இருந்து துறவியானவர் மழவரையர். வாளை விட்டார், வீட்டை விட்டார். மீசையும் கோபமும் மட்டும் கூடவே மலையேறி வந்துவிட்டன. அவருக்கு வயது அறுபது. குரு இளநங்கைக்கு முப்பதுதான்.

அன்று காலை மழவரையர் பதினாறு பேரின் துணிமூட்டைகளை மடத்து வாசலில் வீசினார்.

"சோம்பேறிக் கூட்டம்! பொழுது சாய்வதற்குள் இவர்கள் கிளம்பணும். இல்லையென்றால் நான் கிளம்புகிறேன்!"

"என்ன செய்தார்கள், தளபதியாரே?"

"நீங்களே பாருங்கள், அம்மையே!"

தினமும் நாற்பத்தொரு பேர் சுனையிலிருந்து குடம் சுமந்து படியேறுவது மடத்து வழக்கம். மழவரையரும் சுமப்பார். முற்றத்தில் அவர் ஒன்பது கட்டம் கீறியிருந்தார். சீக்கிரம் ஏறியவரின் கல் முதல் கட்டத்தில். தாமதமாக ஏறியவரின் கல் ஒன்பதாவதில். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர்.

ஐந்தாவது கட்டத்தில் கற்கள் அதிகம். இரண்டு பக்கமும் போகப்போகக் குறைந்து, ஓரங்களில் ஒவ்வொன்று.

"ஒரு மாதமாக இதே குவியல்! திட்டினேன், அதே குவியல். பட்டினி போட்டேன், அதே குவியல். கூடிப் பேசிச் சதி செய்கிறார்கள்!"

"நடுவுக்கு ஒன்பது பேர், ஓரத்துக்கு ஒருத்தன் என்று சுனையில் சீட்டுக் குலுக்குகிறார்களா?"

மழவரையரின் மீசை துடித்தது. "நடுவுக்குப் பின்னால் ஒருத்தனும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்!"

"அப்படியா?" குருவின் குரலிலும் சூடேறியது. "அள்ளி எறியுங்கள்."

பதினாறு கற்கள் பறந்தன.

"மிச்சமிருப்பவர்களில் இப்போது நடு எது?"

எண்ணினார். "நாலாவது கட்டம்."

"அப்போது ஐந்தாவது?"

"பிந்தியவர்கள்தான்!"

"பிறகென்ன யோசனை? எறியுங்கள்!"

எறிந்தார். நடு மறுபடி முன்னால் நகர்ந்தது. மறுபடி எறிந்தார். வெறி பிடித்தவர் மாதிரி எறிந்தார். கடைசியில் முதல் கட்டத்தில் ஒரே ஒரு கல் மிஞ்சியது. காரி என்பவனுடையது.

"நல்லது. இனி நாற்பத்தொரு குடத்தையும் காரியே சுமக்கட்டும். உங்கள் கல் எங்கே, தளபதியாரே?"

மழவரையர் குனிந்து தேடினார். அவர் கல் இருந்த ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது.

குரு வாசலைக் காட்டினார்.

"அங்கே பதினாறு மூட்டைதானே இருக்கிறது. உங்கள் மூட்டை எங்கே?"