கீழ்த்தொட்டியில் ஒரு கோடு

கொம்பையாவுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. இதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தெரிந்தவரிடம்தானே கற்றுக்கொள்ள முடியும் என்பார். ஆனால் தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஏதாவது மிச்சம் இருக்கும் என்று மட்டும் அவர் நம்பவில்லை. முப்பத்து மூன்று வருடம் ஓர் ஊருக்கே குடிநீர் ஏற்றி இறக்கியவர். மோட்டார் சத்தத்தை வைத்தே தொட்டியில் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குக் குடிவந்த பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. வீட்டுக் குழாய்களை எல்லாம் இரண்டு முறை கழற்றி மாட்டினார். மூன்றாம் முறை ஸ்பானரை எடுத்தபோது மனைவி பிச்சம்மாள் அதைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

அந்த வாரம்தான் அவருக்குப் பல்வலி வந்தது.

பல் ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே கடல் தண்ணீர். பாறைமேல் ஒரு கடல் சாமந்தி, பூவிதழ் போன்ற விரல்களை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் மடியில் இரண்டு கோமாளி மீன்கள். பல் பிடுங்க வந்த குழந்தைகள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போய் நின்றன. கொம்பையாவும் போய் நின்றார். ஆனால் அவர் பார்த்தது மீனை அல்ல.

"மட்டம் ஒரு நூல் அசையலையே!" என்றார்.

தொட்டியைப் பராமரித்துவந்த ஜெனிட்டா, அடியிலிருந்த மரக்கதவைத் திறந்து காட்டினாள். மேலே வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இன்னொரு தொட்டிக்கு இறங்கியது. அங்கே ஒரு துணிப்பையில் அழுக்கை விட்டது. நுரை எடுக்கும் குழலில் மீன்கழிவை விட்டது. பாசி வளர்ந்த அறையைச் சுற்றிவந்து கடைசி அறையில் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு மோட்டார் அதை மறுபடி மேலே அனுப்பியது.

"சம்பு!" என்றார் கொம்பையா, திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டவர் போல. குடிநீர் ஏற்றும் இடத்தில் கீழ்த்தொட்டிக்கு அதுதான் பெயர்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே வாசலில் நின்றார். "வாத்தியாரம்மா, என்னையச் சேத்துக்கிடுங்க."

ஜெனிட்டா சேர்த்துக்கொண்டாள்.

முதல் வாரமே அவர் ஒரு கேள்வி கேட்டார். "இந்தச் சம்புல மூணுல ஒரு பங்கு காலியாக் கிடக்கே. இத்தன வருசத்துல நான் ஒரு தொட்டியக் கட்டிட்டுக் காலியா விட்டதில்ல. நிறைச்சு வச்சா மீனுக்கு நல்லதுதானம்மா?"

ஜெனிட்டா மோட்டார் சுவிட்சை அணைத்தாள்.

குழாயில் கிடந்த தண்ணீரும் மேல்தொட்டியின் விளிம்பில் நின்ற தண்ணீரும் கடகடவென்று இறங்கின. கீழ்த்தொட்டி ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. கொம்பையா தன்னையறியாமல் வேட்டியை மடித்துக் கட்டினார். விளிம்புக்கு இரண்டு விரல் இருக்கும்போது அது நின்றது.

"கரண்ட் போனா இதான் நடக்கும். அது காலி இல்ல சார். வரப்போற தண்ணிக்கு இடம்."

பிறகு மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் மேலே ஏறி ஓட்டம் நிதானப்பட்டதும், கடைசி அறையின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு இழுத்தாள்.

"மேல்தொட்டி எப்பவும் நிறைஞ்சேதான் தெரியும். குறையுறதெல்லாம் இங்கதான் காட்டும். மோட்டார் ஓடும்போது தண்ணி இந்தக் கோட்டுல நிக்கணும்."

கொம்பையாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கோடு அவருக்குக் குலதெய்வம். அதற்குச் சூடம் காட்டவில்லை என்பதுதான் பாக்கி.

ஆனி மாதம் ஜெனிட்டாவுக்கு மண்டபத்தில் பவளப்பாறை வளர்க்கும் இடத்தில் வேலை கிடைத்தது. பல் டாக்டர் கவலைப்பட்டார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் தொட்டியைப் பிரித்துவிடலாம் என்றார்.

"பதினஞ்சு நாள் கொம்பையா சார் பாக்கட்டும். நான் திரும்பி வரும்போது சாமந்தி விரிஞ்சிருந்தா தொட்டிச் சாவி அவருக்கே. இல்லேன்னா பிரிச்சிரலாம்" என்றாள் ஜெனிட்டா.

அந்தச் சாவி கொம்பையாவுக்கு வேண்டும். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அவர் எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

கிளம்பும் அன்று ஜெனிட்டா இரண்டு கேன்களைக் காட்டினாள். வெள்ளைக் கேனில் ஆர்.ஓ. மெஷினில் பிடித்த நல்ல தண்ணீர். நீலக் கேனில் கடல் தண்ணீர். அது வாரம் ஒருமுறை கொஞ்சம் எடுத்துவிட்டு மாற்றுவதற்கு.

"இந்த வெயிலுக்குத் தெனமும் நாலு லிட்டர் குறையும். எது குறையுதோ அதக் கோடு வரைக்கும்..."

"வாத்தியாரம்மா, கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்குதீங்களே!" என்று கொம்பையா சிரித்தார்.

ஜெனிட்டாவும் சிரித்துவிட்டாள். உப்பு பார்க்கும் சின்னக் கண்ணாடிக் குழலை அவரிடம் கொடுத்து, "ஒரு சொட்டு விட்டு அப்பப்ப பாத்துக்கிடுங்க" என்றாள். அவர் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். பத்திரமாக என்றால், வெளியே எடுக்காத அளவுக்குப் பத்திரமாக.

கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே கொடுக்க வேண்டும்? கொம்பையாவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. கரைத் தண்ணீர் கலங்கல் என்று வள்ளக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, ஆழ்கடல் தண்ணீராகவே தினமும் வரவழைத்தார். அதை இரண்டு முறை துணியில் வடிகட்டினார். காலையும் மாலையும் முட்டிபோட்டு உட்கார்ந்து, கோடு வரைக்கும் ஊற்றினார். பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிறவர் கூட அவ்வளவு கவனமாக ஊற்றமாட்டார். வெள்ளைக் கேன் தண்ணீரில் வடிகட்டும் பையை அலசினார்.

ஒன்பதாம் நாள் சாமந்தி சுருங்கியது. குருவைக் காணாத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கொம்பையாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்க் கோட்டைப் பார்த்தார். தண்ணீர் கோட்டில்தான் நின்றது. மோட்டார் சத்தத்தைக் கேட்டார். சரியாக இருந்தது. பையை அன்று மட்டும் மூன்று தடவை அலசினார்.

அன்று ஜெனிட்டா போனில் கேட்டாள். "எப்படி இருக்கு சார்?"

"மட்டம் ஒரு நூல் அசையல" என்றார். அது பொய் இல்லை.

பதினைந்தாம் நாள் மத்தியானம் ஜெனிட்டா வந்தாள். கதவைத் திறந்து கோட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து சாமந்தியைப் பார்த்தாள். அது எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருண்டு பாறையோடு ஒட்டிக் கிடந்தது. மேல்தொட்டியில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அவள் உப்பளத்துக்காரி மகள். அவள் நாக்குக்குக் கண்ணாடிக் குழல் தேவையில்லை.

"என்ன தப்பு பண்ணேன்மா? நீங்க போட்ட கோட்டத்தான காப்பாத்துனேன்?"

"எந்தக் கேன் சார்?"

"கடல் தண்ணிதான். கலப்படமில்லாத ஆழ்கடல்."

ஜெனிட்டா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வாங்க, ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம்."

"மீனு கிடக்கிற கிடையிலயா?"

"அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. வாங்க."

ஊருக்கு வெளியே உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டியிருந்தது. வற்றிய பாத்திகளில் உப்பு வெளுத்துக் கிடந்தது. ஜெனிட்டாவின் அம்மா அந்தோணியம்மாள் நீளப் பலகையால் அதை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தாள். கொம்பையாவை அந்த வரப்பில் நிறுத்திவிட்டு ஜெனிட்டா கேட்டாள்.

"அம்மா, இந்தப் பாத்தியில கட்டுன தண்ணி எங்க?"

"இது என்னடி கேள்வி? வெயில் குடிச்சிட்டு."

"உப்பையும் சேத்துக் குடிச்சுதா?"

அந்தோணியம்மாள் பலகையை நிறுத்தினாள். மகளை விட்டுவிட்டுக் கொம்பையாவைப் பார்த்தாள். "சாருக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா? வெயில் உப்பக் குடிச்சிட்டா நாங்க எதத் தின்னுட்டு இருப்போம்?"

கொம்பையா குனிந்து வற்றிய பாத்தியைப் பார்த்தார்.

ஜெனிட்டா குனிந்து இரண்டு கை உப்பை அள்ளினாள். அவர் காலடியில் கொட்டினாள்.

"மொத நாளு."

மறுபடி இரண்டு கை. "ரெண்டாம் நாளு."

மூன்றாம் நாள் வரைக்கும் அவருக்கு விளங்கவில்லை. நான்காம் நாளில், தான் தினமும் ஊற்றிய கடல் தண்ணீரின் உப்பு அது என்று புரிந்து முகம் மாறியது. ஒன்பதாம் நாள் வந்தபோது குவியல் கணுக்காலைத் தொட்டது. சாமந்தி சுருங்கிய நாள் அதுதான்.

"போதும்மா" என்றார்.

"இன்னும் ஆறு நாள் இருக்கு சார்."

பதினைந்தையும் கொட்டிவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். கொம்பையா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்து மூன்று வருடத்தில் அவர் ஒருநாளும் தண்ணீருக்கு முன்னால் இப்படிக் கூனிப்போனதில்லை. குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது. அது உப்பினால் மட்டும் அல்ல.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அவர் வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "நாலு கேனு நல்ல தண்ணிய இப்பவே மாத்திருதேன். இன்னைக்கே சரியாக்கிருவோம்."

ஜெனிட்டா கேனைப் பிடித்தாள். "பதினஞ்சு நாளா ஒவ்வொரு படியா ஏத்தி வச்சுட்டு, இப்ப குதின்னா எப்படிக் குதிக்கும்? செத்துப்போகும்."

கீழ்த்தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். கேனை உயரத்தில் வைத்து, மெல்லிய குழாய் ஒன்றில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டாள். நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. "இப்படியே எடுக்கணும், இப்படியே விடணும். ஒரு வாரம் ஆகும்."

கொம்பையா கண்ணாடிக் குழலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். பிறகு பதினைந்து நாளாகத் தன்னிடம் இருந்த தொட்டிச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"சாமந்தி விரியல. டாக்டர்ட்ட பிரிக்கச் சொல்லிருங்கம்மா."

"பிரிச்சா இத எங்க கொண்டு வைக்க? இந்த ஒரு வாரம் சொட்டு போடுறது யாரு?"

சாவியை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். மண்டபம் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தோளில் மாட்டினாள்.

கொம்பையா சாவியை வேட்டி முனையில் முடிந்துகொண்டார். கைக்குட்டையை ஈரமாக்கி, கீழே குனிந்து, கண்ணாடிமேல் இருந்த கறுப்புக் கோட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"இத அழிச்சிருதேன்மா. இதப் பாத்துப் பாத்துத்தான் கெட்டேன்."

வாசல்வரை போன ஜெனிட்டா நின்றாள்.

"இருக்கட்டும் சார். எவ்வளவு போச்சுன்னு அது சரியாத்தான் சொல்லும். எது போச்சுன்னு அதுட்ட கேக்காதீங்க."