கெட்ட வார்த்தைக்கு மட்டும் நடந்த மாடுகள்

கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. கதவோரம் உக்காந்திருக்கவளே, நீயும்தான், வந்து மடியை ஒட்டி உக்காரு. இது கத்திச் சொல்ற கதை இல்ல. கத்திச் சொன்னாக் கதைக்குக் கோவம் வந்து பாதியில நின்னுரும்.

மாடு பூட்டிக் கமலையில கெணத்துத் தண்ணி எறைச்ச காலத்துல ஒரு ஊருல ஒரு ராசா இருந்தாராம். அவரு காதுன்னா அப்பிடி ஒரு காது, பூவுல வண்டு உக்காந்தாக்கூட மொகஞ்சுளிப்பாராம். அந்த ராசா ஒரு சட்டம் போட்டாரு. 'என் முன்னால எவனாவது கெட்ட வார்த்தை பேசுனா, அவன் நாக்குல பழுக்கக் காய்ச்சுன கம்பியால சூடு.' அம்புட்டுத்தான் சட்டம். எப்பேர்ப்பட்ட ராசா, எப்பேர்ப்பட்ட சுத்தம்னு ஊரே கும்புட்டுச்சு. நல்லாக் கேட்டுக்கங்க, ராசா முன்னாலதான் பேசக்கூடாது. வயக்காட்டுல பேசலாம், தோட்டத்துல பேசலாம், பொம்பள ஆளுக குனிஞ்சு களை எடுக்கையில முதுகுக்குப் பின்னால நின்னு பேசலாம். அதுக்கெல்லாம் சட்டம் இல்ல.

ராசாவுக்கு ஊருக்குக் கெழக்க பெரிய தோட்டம். அதை மேப்பார்வை பாக்கப் பலவேசம்னு ஒரு மணியக்காரன். ஆளு நல்லா வாட்டசாட்டமா இருப்பான், நெத்தி நெறைய துன்னூறு பூசியிருப்பான், வாயைத் தொறந்தா மொதல்ல வர்றது அந்த வார்த்தைதான். எந்த வார்த்தைன்னு கேக்காதீங்க. உங்களுக்குத் தெரியும். தெருவுல கேட்டிருப்பீங்க, பஸ்ஸுல கேட்டிருப்பீங்க. பெத்தவளை இழுத்து, அவ ஒடம்பையும் சேத்து இழுத்து, தெருவுல போடுற வார்த்தை. களை விட்டுப்போனா அந்த வார்த்தை, மடை ஒடைஞ்சா அந்த வார்த்தை, ஒண்ணுமே ஆகலேன்னாலும் பொழுதுபோகாம அந்த வார்த்தை.

அந்தத் தோட்டத்துல மடை திருப்புற வேலை பாத்தா இருளாயி. வெடுவெடுன்னு பேசுவா, ஆனா பலவேசம் முன்னால பேசமாட்டா. பேசுனா நாளைக்கு வேலை இல்ல. அவளுக்கு ஒரு சின்னப் பொண்ணு, நிழல்ல உக்கார வச்சிட்டு வேலை பாப்பா. ஒரு நா வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளை கையில நொய்யை வச்சுக்கிட்டு கோழியைக் கூப்பிட்டுச்சாம். என்னன்னு கூப்பிட்டுச்சு? அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. கெட்டதுன்னு அதுக்குத் தெரியல. கூப்பிடுறதுன்னா இப்பிடித்தான்னு நெனச்சிருச்சு.

இருளாயி கையை ஓங்கிட்டா. ஓங்குன கை அப்பிடியே நின்னுச்சு. 'அடிக்கவேண்டிய வாய் இது இல்லையே'ன்னு கையை எறக்குனா.

விடிஞ்சதும் அரமனைக்குப் போனா. அவளுக்கு முன்னாலயே அங்க ரெண்டு பேரு பலவேசம் மேல பிராது சொல்ல நிக்கிறாங்க.

மொதல்ல தோட்டத்துக்கு வேலி அடைக்கிற கெழவரு. "மகாராசா, மணியக்காரன் என்னைச் சொல்லக்கூடாத வார்த்தை சொல்லிட்டான்"ன்னாரு. ராசா, "என்ன வார்த்தை, சொல்லு"ன்னாரு. பாவம், கெழவரு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டாரு. ராசா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "என் முன்னாலயா பேசுன, சூடு வைங்கடா இவன் நாக்குல"ன்னாரு. வச்சிட்டாங்க.

அடுத்து ஆடு மேய்க்கிறவன். "என்ன வார்த்தை, சொல்லு"ன்னாரு ராசா. அவன் கெழவரைப் பாத்தான், கம்பியைப் பாத்தான், "அதை என் வாயால சொல்லமாட்டேன் மகாராசா"ன்னான். "சொல்லமாட்டேன்னா எதை வச்சு விசாரிக்கிறது? பொய்ப் பிராது குடுக்குறியா, கசையால அடிங்கடா"ன்னாரு. அடிச்சிட்டாங்க.

மூணாவதா இருளாயி. "உன்னையும் வைஞ்சானா? என்ன வார்த்தை?"ன்னாரு ராசா.

இருளாயி சொன்னா, "மகாராசா, சொன்னாச் சூடு, சொல்லலேன்னா அடி. கல்லெறிஞ்சவனை விட்டுட்டு, எந்தக் கல்லுன்னு காட்டுனவனைப் பிடிக்கிறீங்க. நான் சொல்லவும் மாட்டேன், சொல்லாம இருக்கவும் மாட்டேன். அந்த வார்த்தையை அவரு வாயாலயே உங்க காதுல விழ வைக்கிறேன். தவணை குடுங்க."

ராசா பலவேசத்தைக் கூப்பிட்டு விட்டாரு. அவன் வந்தான் பாருங்க, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, வாயைக் கையால பொத்திக்கிட்டு. "மகாராசா, நான் பொம்பளைங்களைத் தாயேன்னுதான் கூப்பிடுவேன். இந்தத் தாயிக்கு எம்மேல என்ன கோவமோ"ன்னான். தேன் ஒழுகுச்சு வாயில.

ராசா சொன்னாரு, "முதத்தண்ணி நாள் வரைக்கும் தவணை. அதுக்குள்ள நிரூபிக்கலேன்னா நாக்குல சூடும் உண்டு, முதுகுல அடியும் உண்டு, தோட்டத்துல வேலையும் இல்ல."

முதத்தண்ணின்னா என்னன்னு கேளுங்க. வருசத்துக்கு ஒருக்கா, மழைக்கு முன்னால, ராசாவைப் பெத்த பெரியாத்தா தோட்டத்துக்கு வந்து வாய்க்கால்ல காலை வச்சு உக்காரும். கமலையில எறைக்கிற மொதத் தண்ணி அந்தக் கால்ல படணும். நல்ல நேரம் முடியிறதுக்குள்ள படலேன்னா அந்த வருசம் கண்மாய் வத்திரும்னு ஊருக்குப் பயம்.

இருளாயி தோட்டத்துக்குத் திரும்புனா அங்க ஒரே கூத்து. பலவேசம் அரமனைக்குப் போனதுலருந்து கமலை மாடு ரெண்டும் நகரலையாம். செவலை ஒண்ணு, மயிலை ஒண்ணு. ஒருத்தன் பாட்டுப் பாடிப் பாத்தான், ஒருத்தன் தட்டிக் குடுத்துப் பாத்தான், ஒருத்தன் சாட்டையால ரெண்டு போட்டும் பாத்தான். மாடு அசைபோட்டுக்கிட்டு நிக்குது. அப்ப பலவேசம் வந்தான். வர்றப்பவே வரப்புல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு அதட்டுப் போட்டான். மாடு ரெண்டும் விசுக்குன்னு சரிவுல எறங்குச்சு, கெணத்துக்குள்ள இருந்து சால் தண்ணியோட மேல வந்துச்சு.

இருளாயி அதைப் பாத்துக்கிட்டே நின்னா. கன்னுக்குட்டியா வந்ததுலருந்து அந்த மாடு கேட்டது அந்த ஒரே வார்த்தைதான். வேற எதுவும் அதுக்குப் பேச்சே இல்ல.

அப்பறம் அவ என்ன பண்ணுனா? நேரா பலவேசத்துக்கிட்டப் போயி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. கோவத்தை மொகத்துல காட்டல.

"ஐயா, புத்தியில்லாம பிராது குடுத்துட்டேன்."

"இப்பத்தான் தெரியுதோ?"ன்னான் அவன். கூடவே அந்த வார்த்தை.

"தெரியுது ஐயா. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. முதத்தண்ணிக்கு வருசா வருசம் அரமனை மாடு வருது, பேரு அரமனைக்காரனுக்குப் போகுது. இந்த வருசம் நம்ம செவலையையும் மயிலையையும் கட்டி நீங்களே ஓட்டுனா பேரு யாருக்கு? ராசா, பெரியாத்தா, ஊரு எல்லாம் பாக்கும். எம் பிராது பொய்யின்னும் அதுலயே வெளங்கிரும்."

பலவேசம் மீசையைத் தடவுனான். தான் என்ன சொல்லி மாட்டை ஓட்டுறோம்னு அவனுக்கு நெனப்பே வரல. எப்பிடி வரும்? மூச்சு விடுறதை யாரு கவனிக்கிறா? "பரவால்லையே, உனக்கும் மூளை இருக்கு"ன்னான்.

முதத்தண்ணி நாளும் வந்துச்சு. வாய்க்காலுக்குப் பந்தல், மாவிலை, மேளம். பெரியாத்தா முக்காலியில உக்காந்து காலை வாய்க்கால்ல வச்சிருச்சு. பக்கத்துல ராசா. சுத்தி ஊரு. வேலிக்காரக் கெழவரும் ஒரு ஓரமா நிக்கிறாரு, நாக்கு வெந்து பேச முடியாம. கம்பியையும் அடுப்பையும் கொண்டாந்து வச்சிருக்காங்க, இருளாயிக்குத்தான். அவ மடைவாயில மம்பட்டியோட நிக்கிறா.

பலவேசம் பட்டுத் துண்டு கட்டிக்கிட்டு மாட்டுக்குப் பின்னால வந்தான். வாயைத் தொறந்தான். தொறந்தவன் பெரியாத்தாவைப் பாத்தான், ராசாவைப் பாத்தான். தொறந்த வாயை மூடிட்டான். அப்பத்தான் அவனுக்கே ஒறைச்சுச்சு.

"நடங்க தாயே, நடங்க கண்ணுகளா"ன்னான். மாடு நகரல. இப்பிடி ஒரு பேச்சை அது பொறந்ததுலருந்து கேட்டதில்ல, யாரோ வேத்தாளுன்னு நெனச்சிருக்கும். வாலை முறுக்குனான், நகரல. சாட்டையை வீசுனான், நகரல.

"என்ன பலவேசம், நேரம் போகுது"ன்னாரு ராசா.

"இந்தா மகாராசா, இப்ப நடந்துரும்."

"நல்ல நேரம் முடியப்போகுது பலவேசம்."

"இந்தா, இந்தா."

"ஆத்தா கால்ல தண்ணி படலேன்னா உன் தலை கழுத்துல நிக்காது பலவேசம்."

வேர்த்துக் கொட்டிருச்சு அவனுக்கு. செவலை காதுகிட்ட வாயை வச்சு, கமுக்கமா, காத்துக்குக்கூடக் கேக்காம அந்த வார்த்தையைச் சொன்னான். செவலை காதை வெடைச்சு ஒரு எட்டு வச்சுச்சு. மயிலைக்குக் கேக்கல, அது நின்னுச்சு. நொகத்தடி கோணிக்கிச்சு.

"என்னத்தைய்யா சொன்ன மாட்டுக் காதுல?"ன்னு பெரியாத்தா கேட்டுச்சு.

"மந்திரம் தாயே."

"மந்திரமா, ரொம்ப நல்லது. என் காலுக்கு வர்ற தண்ணி மந்திரம் சொன்ன தண்ணியாவே வரட்டும். ரெண்டு மாட்டுக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"அது ரகசிய மந்திரம் தாயே."

"சொல்றா"ன்னாரு ராசா. காவக்காரன் வாளை உருவிட்டான்.

பலவேசம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுச் சொன்னான். ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னான். மாடு ரெண்டும் விசுக்குன்னு சரிவுல எறங்குச்சு. எறங்குனதைப் பாத்த சந்தோசத்துல, பழக்கம் பாருங்க, அவன் வாய் தன்னால ரெண்டாம் தடவையும் சொல்லுச்சு. மூணாந் தடவையும் சொல்லுச்சு. சால் கவுந்துச்சு, தண்ணி வாய்க்கால்ல ஓடிவந்து பெரியாத்தா கால்ல பட்டுச்சு.

மேளம் நின்னுபோச்சு.

இருளாயி மம்பட்டியைக் கீழ வச்சா. "மகாராசா, எம் பிராது இதுதான். நான் சொல்லல, அவரே சொல்லிட்டாரு. சாட்சிக்கு மாடு நிக்குது."

பலவேசம் தரையில விழுந்தான். "மகாராசா, அது சும்மா வாய்ப்பழக்கம். அர்த்தம் வச்சுச் சொல்றதில்ல. மாட்டைத்தான் சொன்னேன், யாரு தாயையும் சொல்லல."

"மாட்டைச் சொல்ல அதோட ஆத்தாளை ஏன் இழுத்தீரு?"ன்னா இருளாயி. "இந்தக் கெழவரு வேலியைக் கோணலா அடைச்சாரு. செத்து மண்ணாப்போன அவரு ஆத்தா உமக்கு என்ன பண்ணுனா? ஆடு உள்ள நொழைஞ்சதுக்கு ஆட்டுக்காரனைப் பெத்தவ என்ன பண்ணுனா? ஆம்பளையும் ஆம்பளையும் மல்லுக்கட்டுறீங்க, ஒவ்வொரு தடவையும் அடிபடுறது அங்க இல்லாத ஒருத்தி. அவ ஒடம்புல நீரு பேரு சொல்ற எடம் கெட்ட எடமா? நீரு வந்த எடம், ராசா வந்த எடம். பேறுகாலத்துல மருத்துவச்சி அதைக் கூசாமச் சொல்றா, யாரும் காதைப் பொத்தல. அதைக் கல்லா எடுத்து எறியிறீரு பாரும், அதுதான் கெட்டது. எம்பிள்ளை அதைப் பொறுக்கிட்டு வந்து கோழிக்குப் போடுது."

ராசா மொகம் செவந்துருச்சு. "கம்பியைக் காய்ச்சுங்கடா"ன்னாரு.

"நீ சும்மா இரு"ன்னு பெரியாத்தா மகனைப் பாத்துச் சொல்லுச்சு. "இத்தனை வருசமா கெட்ட வார்த்தை காதுல விழக்கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்கியே, நீ காத்தது யாரை? என்னையா? இவளையா? இவன் வாயைத்தான் காத்திருக்க. போ, அந்தக் கெழவருகிட்டப் போயி மன்னிப்புக் கேளு. பதில் சொல்ல அவருக்கு நாக்கு வராது. வராட்டிப் போகுது, நின்னு கேளு."

ராசா போனாரு. ஊரு பாக்க நின்னு கேட்டாரு. கெழவரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. அதையும் வாங்கிக்கிட்டு ஆட்டுக்காரன்கிட்டப் போயி நின்னாரு. அப்பறம் இருளாயிகிட்ட வந்தாரு. "வைஞ்சவனுக்குத்தான் இனிமே தண்டனை, வசவு வாங்குனவன் எந்த வார்த்தையையும் என் முன்னால சொல்லலாம். இவனை என்ன பண்ணட்டும், நீயே சொல்லும்மா."

"சூடு வேணாம் மகாராசா. சூடு ஆறுன மறுநாள் நாக்கு பழையபடி பேசும். இந்த மாட்டுக்கு இனி வேற பேச்சுப் பழக்கணும். பழகுற வரைக்கும் தோட்டம் காயக்கூடாது. அவரை எங்கிட்ட விடுங்க."

விட்டாங்க. இருளாயி செவலையை அவுத்து வேம்பு நெழல்ல கட்டுனா, புல்லு போட்டா. அது நின்ன எடத்துல பலவேசத்தைக் கொண்டாந்து நிறுத்தி, மயிலைக்குப் பக்கத்துல, நொகத்தடியை அவன் கழுத்துல வச்சுக் கயித்தைப் பூட்டுனா, அவன் நடக்கிறதைப் பாத்து மயிலை பழகட்டும்னு. தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி வந்துட்டாங்க. எத்தனை வருசத்துக் கோவம்.

"இருளாயி, நாங்களும் ஒரு தடவை சொல்லிக்கிறோம். அவன் சொன்ன அதே வார்த்தை. ஆளுக்கு ஒண்ணு."

"வாயைத் தொறக்காதீங்க"ன்னா இருளாயி. "இவனையும் ஒருத்தி பெத்திருக்கா. அவ நமக்கு ஒண்ணும் பண்ணல."

சொல்லிட்டு, சாட்டையைத் தூக்கிக் கெணத்துக்குள்ள போட்டுட்டு, பின்னால வந்து நின்னு, நாக்கை மேலண்ணத்துல ஒட்டி ரெண்டு சொடுக்குச் சொடுக்குனா. பலவேசம் நடந்தான்.