நண்டு கீறிய இரண்டு கோடுகள்

அந்தக் காலத்தில், கடலும் நண்டும் ஆமையும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆமைக்கு இருந்தது கரைக்கு மட்டுமே ஆன கண். மணல்மேட்டில் நின்றபடியே தொலைவில் அடப்பங்கொடி பூப்பதைப் பார்த்துவிடும். தண்ணீருக்குள் தலையை விட்டாலோ எல்லாம் வெறும் கலங்கல்.

அதன் குஞ்சுகள் முட்டையை உடைத்ததும் கடலுக்குள் ஓடின. ஒன்றுகூடத் திரும்பவில்லை. தாய் ஆமை அலை விளிம்பிலேயே கிடந்தது. அடிவானம் வரை தெரிந்தது. காலடி நீருக்குள் இருப்பது தெரியவில்லை.

"ஒருமுறை பார்த்தால் போதும்," என்று கடலிடம் கேட்டது.

"கண்ணைக் கழுவிக்கொள். கழுவக் கழுவ எனக்குள் இருப்பது துலங்கும், கரை மங்கும். மங்கியது திரும்பாது," என்றது கடல்.

பக்கத்து வளை நண்டுக்கு இது பிடிக்கவில்லை. ஆமையை அது மதினி என்றுதான் கூப்பிடும்.

"அப்ப நான் அளந்து சொல்லுறேன் மதினி. நிறுத்துன்னா நிறுத்திடணும்."

"நீ சொல்லி நான் எப்பக் கேக்காம இருந்தேன்?"

"எப்பக் கேட்டீங்க?"

நண்டு ஈர மணலில் கொடுக்கால் இரண்டு கோடு கீறியது. ஆமை கண்ணைக் கழுவிவிட்டு அலையில் இருந்தே பார்த்தது.

"எத்தனை?"

"ரெண்டு."

மறுபடி கழுவியது. நீருக்குள் பாசி அசைவது தெரிந்தது.

"இப்ப?"

"ஒண்ணு."

நண்டு கோடுகளைத் திரும்பிப் பார்த்தது. "ரெண்டு கீறியிருக்கேன். போதும் மதினி. இதோட விட்டா அங்கே பாதி, இங்கே பாதி. கிட்ட வந்தா என் முகமாவது தெரியும்."

"அந்த முகத்தைப் பாக்காட்டி என்ன குறைஞ்சிடப்போகுது கொழுந்தனாரே?" என்று சிரித்துக்கொண்டே கரைக்குத் திரும்பியது ஆமை. அப்போது நீருக்குள் ஒரு சின்ன நிழல் நழுவிப் போனது. பிள்ளையா, மீனா? பாதிக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆமை நண்டை ஒருமுறை பார்த்தது. பிறகு தலையை முழுவதும் அலைக்குள் விட்டு, கண்ணைத் திறந்தே வைத்திருந்தது.

கடல் துலங்கியது. நிழலைத் தொடர்ந்து ஆமை நெடுந்தூரம் நீந்தியது. பிள்ளையேதான். அதற்குத் தாயைத் தெரியவில்லை. பிறந்த அன்று அது வெளிச்சத்தை மட்டுமே பார்த்திருந்தது. ஆனாலும் கொஞ்ச தூரம் கூடவே நீந்தியது. பிறகு தன் நீரோட்டத்தில் திரும்பிக்கொண்டது.

மீண்டும் முட்டை கனத்தபோது ஆமை கரையேறியது. எங்கும் ஒரே புகைமூட்டம். மூக்கு மணலில் உரச ஊர்ந்தது.

"வந்துட்டீங்களா மதினி," நண்டு வளையிலிருந்து ஓடி வந்தது. "எத்தனை கோடு, சொல்லுங்க பாப்போம்."

ஆமை குரல் வந்த பக்கமாக வெகுநேரம் பார்த்தது. "ரெண்டு."

நண்டு இன்னும் கீறவே இல்லை.

"சரியாச் சொல்லிட்டீங்க," என்றது.

ஆமை கண் வழிய வழியக் குழி தோண்டி, முட்டைகளை மூடிவிட்டு, அலைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனது.

அன்று முதல்தான், முட்டையிட வரும் ஆமையின் கண்ணில் நீர் வழிகிறது. அடுத்த முறை அது வரும்போது மணல் வெறுமையாய் இருக்கக் கூடாதென்று, அலை அழிக்க அழிக்க நண்டும் கோடு கீறிவிட்டு, கண்களை உயர்த்திக் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.