பதினோரு தடவை உருகிய படிகம்

கரிம வேதியியலில் தவறு செய்தால் குடுவையின் அடியில் கறுப்பாகப் பிசின் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு தீங்கானது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். உண்மையிலேயே பெரிய தவறுகள் வெள்ளை வெளேரென்ற ஊசிப் படிகங்களாக வரும்.

பாக்கியநாதனுக்கு அப்படித்தான் வந்தது.

பாளையங்கோட்டையில் பதினான்கு ஆண்டு விரிவுரையாளராக இருந்துவிட்டு, நாற்பத்தோராம் வயதில் வட இங்கிலாந்துக்கு ஆராய்ச்சி மாணவராகப் போனவர். குரு, பேராசிரியர் எடித் ஹார்கிரேவ். சுரங்கத் தொழிலாளியின் மகள். ஒரு மரப்பட்டையின் கசப்புப் பொருளுக்கு மூலக்கூறு அமைப்பைக் கண்டு சொல்லிப் பேர் வாங்கியவர். அவர் வரைந்தபடியே அந்தப் பொருளைச் செய்து காட்டுவதுதான் பாக்கியநாதனின் ஆராய்ச்சி.

"ப்ரொபசர், நான் தோற்றுவிட்டேன்."

"உட்கார்ந்து தோற்கலாம். என்ன ஆயிற்று?"

"மரப்பட்டைப் பொருள் 164 டிகிரியில் உருகுகிறது. நான் செய்தது 151-இல்."

"இரண்டையும் கலந்து பார்த்தீர்களா?"

"130."

ஒரே பொருள் என்றால் கலந்தாலும் உருகுநிலை மாறாது. வேறு என்றால் இறங்கிவிடும். அந்தக் காலத்தில் இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

"மூன்று தடவை பார்த்திருப்பீர்கள்."

"பதினோரு தடவை."

"மிச்ச எட்டும் என்மேல் உள்ள மரியாதைக்கா?"

பாக்கியநாதன் குறிப்பேட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

"செய்முறையின் இருபத்து மூன்று படிகளில் எங்கே தவறினீர்கள்?"

"எங்கேயும் இல்லை" என்றார். பிறகு அவசரமாக, "மறுபடி முதலிலிருந்து செய்கிறேன்" என்றார்.

"எத்தனை மாதம்?"

"பத்து."

"ஊரில் உங்கள் வேலையை எதுவரை வைத்திருப்பார்கள்?"

"ஜூன் வரை. பட்டத்தோடு போனால்தான்."

அப்போது மார்ச்.

பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். அந்த மூலக்கூறின் படம் இருபத்தாறு ஆண்டுகளாக அதில் இருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் அதைச் சுற்றித்தான் துடைப்பார்கள். சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"இதில் எது இடம் மாற வேண்டும்?"

பாக்கியநாதன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியும். முகத்திலேயே எழுதியிருக்கிறது."

பாக்கியநாதன் ஒரு சிறு கிளையை விரலால் அழித்தார். ஒரு கார்பன் தள்ளி வரைந்தார்.

பேராசிரியர் நெடுநேரம் பார்த்தார்.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"நவம்பர்."

"நான்கு மாதமாக என்னைத் தவறாகவே நடமாட விட்டிருக்கிறீர்கள், மிஸ்டர் பாக்கியநாதன்."

"உங்கள் பெயர்..."

"என் பெயருக்கு எழுத்து அதிகம். தாங்கும்."

கதவைத் திறந்து வராந்தாவில் நின்றார்.

"எல்லோரும் வாருங்கள். மிஸ்டர் பாக்கியநாதன் என்னைத் தவறென்று நிரூபித்திருக்கிறார்."

மாவட்டத்தில் முதலாவதாகத் தேறிய மகனை ஊருக்குக் காட்டுகிற குரல் அது. பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களிடம் கரும்பலகையை அவரே விளக்கினார். பாக்கியநாதன் பேச முயன்ற இரண்டு முறையும், "இருங்கள், நல்ல இடம் இனிமேல்தான்" என்று நிறுத்தினார்.

அந்த ஆண்டு பேராசிரியர் திருத்திய இறுதித் தேர்வில், பழைய படத்தையே வரைந்த பதினேழு மாணவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை.