கரை தெரியும் நீர்

யூத மதகுருவான ரப்பி நப்தாலிக்குப் பார்வை போன பிறகு ஊர் வழக்குகள் அவருடைய சீடன் அஸ்ரியேலிடம் வரத் தொடங்கின. இந்தப் பாத்திரம் சமயச் சட்டப்படி ஆகுமா, அந்தக் கோழி ஆகுமா என்று ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தவரை அவன் நன்றாகத்தான் தூங்கினான். பிறகு ஹிந்தாவின் வழக்கு வந்தது.

ஹிந்தாவின் கணவன் ஃபைவெல் வண்டிக்காரன். சென்ற ஆண்டு, உறைந்துகிடந்த ஏரியின்மேல் சறுக்குவண்டியை ஓட்டிப் போனபோது நடுவில் பனிக்கட்டி உடைந்தது. வசந்தத்தில் குதிரை மிதந்தது. ஃபைவெல் மிதக்கவில்லை.

அவன் இறந்தான் என்று தீர்ப்பானால் ஹிந்தா விதவை. அவளைப் பெண் கேட்டுக்கொண்டிருக்கும் தையற்காரரை மணந்துகொள்ளலாம். இல்லையென்றால், சாகும்வரை அவள் கண்ணுக்குத் தெரியாத ஒருவனின் மனைவி.

பழைய ஞானிகள் இதற்கு ஒரு விதி சொல்லியிருக்கிறார்கள். சுற்றிலும் கரை தெரியும் நீரில் ஒருவன் மூழ்கி, அவன் எந்தக் கரையிலும் ஏறாததை ஆட்கள் நெடுநேரம் நின்று பார்த்திருந்தால், அவன் இறந்தவன். கரை தெரியாத நீர் என்றால் எங்கோ ஒதுங்கிப் பிழைத்திருக்கலாம். மனைவி காத்திருக்க வேண்டும்.

மில் ஆட்கள் இருவர் ஃபைவெல் மூழ்கிய அன்று ஏரியின் படித்துறையில் இருட்டும்வரை நின்றிருந்தார்கள். யாரும் ஏறவில்லை.

"கிழக்கே நாணல் இருக்கிறதே, அந்தக் கரையும் உங்களுக்குத் தெரிந்ததா?" என்று அஸ்ரியேல் கேட்டான்.

தெரிந்தது என்றான் ஒருவன். மற்றவன் தலையைச் சொறிந்தான். "நீங்கள் கேட்கும்வரை தெரிந்தது" என்றான்.

அதோடு அஸ்ரியேல் யூதச் சட்ட நூலான தல்மூதுக்குள் இறங்கினான். அந்தப் பக்கங்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நடுவில் நாலு வரி மூலம் இருக்கும். அதைச் சுற்றி உரை, உரையைச் சுற்றி உரைக்கு மறுப்பு, ஓரத்தில் பொடி எழுத்தில் இருவரையும் நம்பாத இன்னொருவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டு பேசும் உறவினர்களைப்போல. மாப்பிள்ளை வாயே திறக்க முடியாது. குளிர்காலம் முழுவதும் அஸ்ரியேல் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தான்.

ஏரி உருகிய பிறகு ஒருநாள் காலை ரப்பி கேட்டார்: "தீர்ப்பு என்ன?"

"கூடாது என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன், ரப்பி."

"காரணம்?"

"பயமாக இருக்கிறது."

அது பொய்யல்ல. ஆற்றுக்கு அப்பால் ஓர் ஊரில் ஒரு ரப்பி இப்படித்தான் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் மறுபடி மணந்து, இரண்டாவது குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று, பழைய கணவன் வாசலில் வந்து நின்றான். சட்டப்படி அவள் இருவருக்கும் ஆகாதவளானாள். குழந்தைகளையும் அவர்கள் வழி வருபவர்களையும் சமூகத்தில் யாரும் மணக்க முடியாமல் போயிற்று. அந்த ரப்பி அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. அஸ்ரியேலின் கனவில் தினமும் ஒருவன் ஈரக் காலணியோடு வாசலில் வந்து நின்றான்.

"ஆண்டவனுக்கு அஞ்சுகிறேன். அது தவறா?" என்றான் அஸ்ரியேல்.

"நல்லதுதான். ஆனால் கூடாது என்று சொல்வதற்கு நீ இத்தனை வருடம் படித்திருக்க வேண்டாம். என் ஆடுகூட அந்தத் தீர்ப்பைச் சொல்லும், தலையை ஆட்டினால் போதும்." ரப்பி சிரித்தார். "ஏரியைப் போய்ப் பார்த்தாயா?"

"இல்லை."

"எவ்வளவு தூரம்?"

அஸ்ரியேல் படிக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் ஏரியின் வாடை வரும். குளிர்காலம் முழுவதும் அவன் அதைத் திறக்கவில்லை.

ரப்பி ஹிந்தாவைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவள் உட்காரவில்லை.

"விதவையோ மனைவியோ, ஏதாவது ஒன்றாக இருந்துவிட்டுப் போகிறேன். சொல்லிவிடுங்கள்" என்றாள்.

"உன்னிடம் கண்ணில் அடிக்கிற மாதிரி ஏதாவது துணி இருக்கிறதா, அம்மா?"

"சிவப்புச் சால்வை ஒன்று இருக்கிறது. அவர் வாங்கிக் கொடுத்தது."

"நாளைக் காலை அதைப் போர்த்திக்கொண்டு கிழக்குக் கரையில் நாணல் ஓரமாக நில். இவன் படித்துறையில் நிற்பான். நீ தெரிந்தால் கரை தெரிகிறது என்று பொருள்."

ஹிந்தா அஸ்ரியேலைப் பார்த்தாள். "நல்ல கண்தானே உங்களுக்கு?" என்றாள்.

மறுநாள் ஏரியே இல்லை. அது இருந்த இடத்தில் மூடுபனி இருந்தது. அஸ்ரியேல் ரப்பியின் கையைப் பிடித்துப் படித்துறைக்கு அழைத்து வந்து, ஒரு மரக்கட்டையில் உட்கார வைத்தான்.

"தெரிகிறதா?"

"தண்ணீரே தெரியவில்லை, ரப்பி."

அவன் குரலில் இருந்த நிம்மதி அவனுக்கே கேட்டது.

"காத்திருப்போம்" என்றார் ரப்பி.

காத்திருந்தார்கள். பனிக்குள் எங்கோ தண்ணீர் கற்களை நக்கும் சத்தம். அஸ்ரியேலின் உதடுகள் அசைந்தன.

"என்ன பிரார்த்தனை?"

"காலை வழிபாடு."

"அதைத்தான் வரும் வழியில் முடித்துவிட்டோமே."

பனி விலகிவிடக் கூடாது என்றுதான் அஸ்ரியேல் வேண்டிக்கொண்டிருந்தான்.

முதலில் தண்ணீர் தெரிந்தது. பிறகு கவிழ்த்துவைத்த ஒரு படகு. பிறகு மேற்குக் கரை, வடக்கில் வண்டிப் பாதை. கிழக்கு மட்டும் வெள்ளையாக நின்றது. அஸ்ரியேல் அந்த வெள்ளையையே பார்த்தான். அது மெலிந்தது. நாணல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றின் காலடியில் கரை ஒரு கோடாக ஓடியது. கோட்டின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

அது கையை உயர்த்தியது.

அவள் தன்னைப் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், நாணலுக்குள், ஈரக் காலணியோடு ஒருவன் நிற்பதுபோலவும் இருந்தது. அஸ்ரியேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அங்கே ஹிந்தா மட்டும்தான் இருந்தாள். கை இன்னும் இறங்கவில்லை.

"அஸ்ரியேல், கிழக்கு தெரிகிறதா?"

"இன்னும் பனிதான், ரப்பி."

ரப்பி மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கிழக்கே திருப்பினார்.

"வெயில் சுடுகிறது" என்றார். "ஆனால் பார்வையற்றவனின் சாட்சி நம் சட்டத்தில் செல்லாது. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அவளும் நிற்பாள். பனி விலகியதும் சொல்."