மேலே நீட்டிய கம்பிகள்

“டீச்சர், என் பேச்சாலே ஒரு கல்யாணம் நின்னுபோச்சு” என்றார் ஹைதம்.

பாலஸ்தீன அகதி முகாம் ஒன்றில் அவர்தான் மேடைப் பேச்சாளர். தலை முழுக்க நரை. அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த ரபீஹா அவரைவிட வயதில் இளையவர்.

“அப்படி என்ன பேசினீங்க?”

“‘இங்கே நாம் தற்காலிகம். விரைவில் ஊர் திரும்புவோம். மாடி கட்டுகிறவன் மண்ணை மறந்தவன்.’ கைதட்டல் காதைப் பிளந்தது.”

“அப்புறம்?”

“உம்மு ஜவாத் கூட்டத்துல இருந்திருக்காங்க. மகன் ஜவாதுக்காகக் கட்டின மாடி அறைக்குக் கூரை போடாம நிறுத்திட்டாங்க. அறை இல்லைன்னா பெண் இல்லைன்னு பெண் வீட்டில் சொல்லியாச்சு.”

“சரி.”

“அந்தம்மா என்கிட்ட வந்து, ‘விரைவில்னீங்களே, எந்த மாசம்? அதுவரைக்கும் பையனைப் பொறுத்துக்கச் சொல்றேன்’னாங்க. கிண்டல் இல்ல டீச்சர், நிஜமாவே கேட்டாங்க. எனக்கு வாயே வரல.”

வாய் ஒன்றை வைத்தே பிழைத்த மனிதர் இதைச் சொன்னார்.

“‘விரைவில்’னு எத்தனை நாளா சொல்றீங்க?”

“எங்கப்பாவும் மேடையில அதைத்தான் சொன்னார்.”

ரபீஹா எழுந்து போய், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிமெண்ட் கலவைச் சட்டியை வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை ஹைதம் அந்தச் சட்டியோடு உம்மு ஜவாத் வீட்டு வாசலில் நின்றார். அவரைப் பார்த்து அந்தச் சந்தில் இருந்த எல்லோரும் திரண்டு வந்தார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே ஏறியது. மதியத்துக்குள் கூரை போட்டு முடிந்தது.

நான்கு மூலையிலும் இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. யாரும் வெட்டவில்லை.

ஹைதமுக்கு மனசு கனத்தது. “அடுத்த மாடிக்கா? அப்போ ஊருக்குப் போற எண்ணமே இல்லையா?”

உம்மு ஜவாத் சிமெண்ட் கையை அங்கியில் துடைத்தார்.

“இருந்தா, பேரனுக்கு மாடி. கிளம்பினா, அறுத்து எடுத்துட்டுப் போவேன்.”

“கம்பியையா? எதுக்கு?”

“என்னங்க இப்படிக் கேக்குறீங்க? ஊர்ல நம்ம வீடு கூரை இல்லாமக் கிடக்குதாமே. போனதும் முதல் வேலை அதுதானே?”

முகாமிலேயே பிறந்த உம்மு ஜவாத் அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகு முதல் வேலை என்ன என்று ஹைதம் ஒருநாளும் யோசித்ததில்லை.

கீழேயிருந்து ரபீஹா கூப்பிட்டார். “சாயங்காலம் கூட்டம் இருக்கே, என்ன பேசப் போறீங்க?”

ஹைதம் காதில் அது விழவில்லை. வெயிலில் சுட்ட கம்பி ஒன்றைப் பிடித்தபடி நின்றார்.

“கிளம்புற அன்னைக்கு இதை அறுக்க ஆள் வேணும்மா” என்றார். “என்னைக் கூப்பிடுங்க.”