பொதுவா ஆரும் குடிக்கிறேல்லை

"தங்கச்சி, இந்தப் பியருக்குச் சிரப் விடலாமோ, விடக்கூடாதோ?"

குகதாசன் கேட்டார்.

சுகிர்தா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டில்லை. பொதுவாக் கேக்கிறன்."

"பொதுவா ஆரும் குடிக்கிறேல்லை, அண்ணை."

அவ்வளவுதான். அடுத்த கிளாஸை எடுத்தாள்.



பேர்லினில் கால்வாய்க் கரையோரம் சுகிர்தாவுக்கு ஒரு சின்ன பியர்க் கடை இருந்தது. பின்னால் காய்ச்சுவாள், முன்னால் விற்பாள். கோதுமையில் காய்ச்சுகிற வெள்ளைப் பியர். தயிரைப் புளிக்க வைக்கிற கிருமியின் இனம்தான் அதையும் புளிக்க வைக்கிறது. வாயில் வைத்தால் முகம் ஒருமுறை சுருங்கும்.

அந்த ஊரில் பலர் அதற்குள் சிரப் விட்டுத்தான் குடிப்பார்கள். ராஸ்பெரி விட்டால் சிவப்பு. ஒரு காட்டுச் செடியின் சிரப் விட்டால் பச்சை. வேறு சிலர் சிரப் போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதைப் பற்றி மேசைக்கு மேசை வாக்குவாதம் நடக்கும்.

சுகிர்தாவுக்கு நாற்பது வயது. குகதாசன் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு இத்தாலிக்காரனுடைய சாப்பாட்டுக் கடைக் குசினியில் காலமெல்லாம் நின்று முழங்கால் தேய்ந்து, அந்த வேலையும் போன பிறகு அவளிடம் வந்தவர்.

"எனக்கு ஒண்டும் தெரியாது, தங்கச்சி. பழக்கிவிடுங்கோ."

அவள் பழக்கினாள். சொல்லித் தந்தது கொஞ்சம். செய்து காட்டியதுதான் கூட. "எப்ப இறக்கிறது?" என்று கேட்டால் அகப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்கு வாயால் ஒரு பதில் வேண்டியிருந்தது. வசந்தம் தொடங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.



வசந்தம் தொடங்கியபோதுதான் ஆஸ்பத்திரியில் டொக்டர் குகதாசனையும் மனைவியையும் கூப்பிட்டு இருத்தினாள்.

மனைவி தவமலருக்கு ஜேர்மன் பாஷை சரியாக வராது. கடைக்குப் போகப் போதும், டொக்டரோடு கதைக்கப் போதாது. எப்போதும் அவர்தான் மொழிபெயர்ப்பார். அன்று டொக்டர், "மொழிபெயர்க்க ஒருவரை ஒழுங்கு செய்யட்டுமா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார்.

டொக்டர் தவமலரின் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து வேலை செய்யவில்லை. இனி ஏற்றினால் உடம்புக்கு வேதனைதான் மிச்சம். நோவுக்கு மட்டும் தரலாம். மரங்கள் இலை கொட்டுகிற காலத்தை நீங்கள் காண்பீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

பேசி முடித்து, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தவமலர் கணவரைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"மருந்து வேலை செய்யுதாம்," என்றார் குகதாசன். "இனி ஏத்தத் தேவையில்லையாம். ஆவணியிலை ஊருக்குப் போய் நல்லூர்த் தேர் பாக்கலாமாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சவா. நீங்கள் ரெண்டு வசனம் சொல்லுறீங்கள்?"

"ஜேர்மன்காரர் அப்பிடித்தான். நீட்டி நீட்டிக் கதைப்பினம்."

தவமலர் டொக்டரைப் பார்த்துச் சிரித்தாள். "டாங்கே," என்றாள். நன்றி என்ற அந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். டொக்டர் திகைத்துப்போய்க் குகதாசனைப் பார்த்தாள். அவர் எழுந்து தவமலரின் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் நல்லூர்க் கதைதான். எந்தச் சேலை உடுப்பது, எந்த வீட்டில் தங்குவது, தேர் பார்க்க எந்த வீதியில் நிற்பது. அவரும் சேர்ந்து கதைத்தார். காலையில் கடைக்கு வந்துவிடுவார்.

வந்ததும் கேட்பார்.

"விடலாமோ, தங்கச்சி? விடக்கூடாதோ?"



ஒருநாள் அவரே முடிவு செய்தார். புளிப்பை மனிதர் ஏன் படவேண்டும்? அன்று வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே சிரப் விட்டுக் கொடுத்தார்.

பலர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் ஒரு கிழவி இருந்தாள். கனகாலமாக வருகிறவள், எப்போதும் ஒன்றும் விடாமல் குடிக்கிறவள். முன்னால் வந்த சிவப்புக் கிளாஸைப் பார்த்தாள். கையில் எடுத்தாள், வைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சுகிர்தா அந்தக் கிளாஸைக் கொண்டுவந்து குகதாசன் முன்னால் வைத்தாள்.

"குடியுங்கோ."

குடித்தார்.

"புளிக்குதோ?"

"இல்லை. நல்ல இனிப்பு."

"பியர் தெரியுதோ?"

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இல்லை."

"அப்ப அந்த மனிசிக்கு நீங்கள் குடுத்தது என்ன?"

அவர் மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினார்.

இரவு முழுக்க யோசித்தார். காலையில் வந்ததும் சிரப் போத்தல்கள் எல்லாவற்றையும் அள்ளி, பின்கட்டில் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்தார். இனிமேல் உள்ளது உள்ளபடி.

மத்தியானம் ஒரு மனிதர் வந்தார். கறுப்புக் கோட், கறுப்பு டை. சப்பாத்தில் புது மண். யாரையோ அடக்கம் செய்துவிட்டு நேரே வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"வெள்ளைப் பியர் ஒன்று. சிவப்புச் சிரப் விட்டு."

"சிரப் இல்லை," என்றார் குகதாசன். "உண்மையான பியர் இதுதான். இப்படித்தான் குடிக்க வேண்டும்."

அந்த மனிதர் வாதாடவில்லை. ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. சுருங்கிய முகம் பழையபடி விரியவில்லை. அப்படியே உடைந்தது. கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். கடையில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சுகிர்தா பின்னால் போனாள். சாக்குகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஒரு சின்னச் சாடியில் சிவப்புச் சிரப் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

சிரப்பை அவள் கிளாஸுக்குள் விடவில்லை. சாடியை மேசையில் வைத்தாள். அதன் கைபிடியை அந்த மனிதர் பக்கம் திருப்பினாள். பிறகு ஒரு கதிரையை இழுத்து, அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த மனிதர் கண்ணைத் துடைத்தார். சாடியை எடுத்து ஒரு சொட்டு விட்டார். குடித்தார். இன்னும் கொஞ்சம் விட்டார். பிறகு சாடியைத் தள்ளி வைத்துவிட்டு மிச்சத்தைக் குடித்து முடித்தார். போகும்போது சுகிர்தாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

குகதாசனுக்குக் கோபம் வந்தது.

"விட்டாலும் பிழை, விடாட்டிலும் பிழை! அப்ப நான் என்னதான் செய்யிறது? உங்களுக்குச் சுகம், தங்கச்சி. சாடியை வைச்சிட்டுப் பேசாமல் இருக்கலாம். நான் தவமலருக்கு எப்பிடிச் சொல்லுறது? எப்பிடி?"

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் கேட்டது.

சுகிர்தா கையில் இருந்த துணியை வைத்தாள்.

"அக்காவுக்கு மருந்து வேலை செய்யுது எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

"அக்காவுக்கும்?"

அவர் ஓமென்று தலையை ஆட்டினார். அந்த மனிதர் எழுந்துபோன கதிரையில் இருந்தார். டொக்டர் சொன்ன அத்தனையையும் சொன்னார். அன்றுதான் முதல்முறையாக அந்த வசனங்களைத் தமிழில் சொன்னார். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது.

"இனிச் சொன்னால் அவள் உடைஞ்சுபோவாள். சொல்லாட்டில், அவள் சேலை எடுத்து எடுத்துக் காட்டுறாள், தங்கச்சி. இது நல்லாயிருக்கோ, அது நல்லாயிருக்கோ எண்டு. நான் என்ன செய்ய? நீங்கள் சொல்லுங்கோ, அப்பிடியே செய்யிறன்."

சுகிர்தாவின் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"அக்காவிட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள்.

"என்னத்தை?"

சுகிர்தா எழுந்து போய், கொளுக்கியில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்துவந்து நீட்டினாள். அதை வாங்கும்போது மேசையில் இருந்த சாடி குகதாசனின் கண்ணில் பட்டது.



தவமலர் பல்கனிக் கதவோரம் சாய்மனைக் கதிரையில் இருந்தாள். கால்களுக்குமேல் போர்வை.

"என்ன, வேளைக்கு வந்திட்டீங்கள்?"

"ஓம்."

"தேத்தண்ணி போடட்டோ?"

"நீ இரு."

கோட்டைக் கழற்றவில்லை. அவளுக்குப் பக்கத்தில், நிலத்திலேயே இருந்தார். முழங்கால் நொந்தது. வெளியே யாருடைய வீட்டிலோ பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடினார்கள்.

"தவம்."

"சொல்லுங்கோ."

"அண்டைக்கு டொக்டர் கனக்கக் கதைச்சவா. நான் உனக்குக் கொஞ்சம்தான் சொன்னனான்."

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"மிச்சத்தைச் சொல்லட்டோ? எவ்வளவு சொல்லட்டும்? நீ சொல்லுற அளவு சொல்லுறன்."

தவமலர் அவருடைய தலையில் கை வைத்தாள். நரைத்த மயிரை விரலால் ஒதுக்கினாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியாது," என்றாள். "இரவிலை குளியலறைக்குள்ளை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுறீங்கள். தண்ணிச் சத்தத்துக்கு மேலாலை கேக்குது."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"மாசக் கணக்கு எனக்கு வேண்டாம். அதைச் சொல்லாதேங்கோ. நாளை எண்ணிக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

"சரி."

"ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லுங்கோ."

"கேள்."

"கனடாவிலை இருந்து என்ரை தங்கச்சி விமலி போன் எடுக்கேக்கையெல்லாம் கேக்கிறாள், அக்கா, நான் வரட்டோ எண்டு. நான்தான் அவளைத் தடுத்துக்கொண்டிருக்கிறன். என்னத்துக்கடி காசைச் செலவழிக்கிறாய், ஆவணியிலை நல்லூரிலை சந்திப்பம் எண்டு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவளைக் கண்டு எத்தினை வருஷம்."

"ஓம்."

"நான் ஆவணி வரைக்கும் பொறுக்கலாமோ? இல்லாட்டி அவளை வரச் சொல்லட்டோ?"

பொறு, எல்லாம் சரிவரும் என்ற வார்த்தை குகதாசனின் நாக்கு நுனிக்குத் தானாகவே வந்தது. சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அவர் வாயை மூடிக்கொண்டார். தவமலர் அவசரப்படுத்தவில்லை. அவர் தலையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"வரச் சொல்லு," என்றார்.